செல் தன் புரத உற்பத்தியைத் தானே குறைப்பது ஏன்?

முதுகலை ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வளர்ப்புச் செல்களுக்கு வெவ்வேறு வகையில் நெருக்கடி கொடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் புரத உற்பத்தி சரிகிறது. புரதத் தொகுப்பின் துவக்கக் காரணிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்று எழுதலாமா? இந்தக் காரணிகள் ரைபோசோமுக்குத் துணை நிற்பவைதானே? செல்லின் வளர்ச்சியையும் நெருக்கடி நேரத்து நடத்தையையும் இவை எப்படித் தீர்மானிக்கும்?"

"பாதிக்கப்பட்டுவிட்டன" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சேதம் அன்று. செல் எடுத்த முடிவு. அந்த முடிவு பதிவாகும் இடம்தான் துவக்கக் காரணிகள், அதாவது புரதம் கோக்கும் எந்திரமான ரைபோசோமை வேலை தொடங்கவைக்கும் புரதங்கள். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் உங்கள் ஆய்வின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செலவிலிருந்து தொடங்குகிறேன். ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்க நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. அதை ரைபோசோமுக்குச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்ற இரண்டு. ரைபோசோமில் சேர்த்து ஒரு படி நகர்த்த இரண்டு. 400 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1600. வேகமாக வளரும் ஈஸ்ட் செல், இந்த வேலையோடு நிமிடத்துக்குச் சுமார் 2000 புதிய ரைபோசோம்களையும் கட்டுகிறது. உணவு குறையும்போதும், மடிப்புத் தவறிய புரதங்கள் குவியும்போதும், வைரஸ் நுழையும்போதும் இதே செலவு தொடர்ந்தால் செல் பிழைக்காது. ஏரியில் நீர் குறைந்தால் மதகை இறக்குகிறோம் அல்லவா, அப்படித்தான் செல்லும் செய்கிறது.

அந்த மதகு துவக்கத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாதி கோத்த சங்கிலியை நிறுத்தினால் அதுவரை செலவிட்டது வீண். அரைகுறைப் புரதமும் தொல்லை. தொடங்கும் முன்பே தடுப்பதுதான் சிக்கனம். நம் செல்களில் இதற்கு இரண்டு முக்கிய இடங்கள். (இஐஎஃப் என்பது துவக்கக் காரணிகளின் சுருக்கப் பெயர்.) ஒன்று, மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் தூது ஆர்.என்.ஏ.வின் முனையிலுள்ள தொப்பியைப் பிடிக்கும் இஐஎஃப்-4இ. மற்றொன்று, முதல் மெத்தியோனினைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ.வை ரைபோசோமின் சிறு துணை அலகுக்குக் கொண்டுவரும் இஐஎஃப்-2. சற்று எளிமைப்படுத்திச் சொன்னால், வளர்ச்சிக்கான கட்டளை முதலாவதை வந்தடைகிறது, நெருக்கடிக்கான கட்டளை இரண்டாவதை.

வளர்ச்சியின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நாஹும் சோனன்பெர்க் குழுவினர் எலியின் நார்முன் செல்களில் இஐஎஃப்-4இ புரதத்தை மட்டும் அளவுக்கு மேல் உற்பத்தியாக வைத்தார்கள். செல்கள் புற்றுச் செல்களைப் போல மாறின. "துணை நிற்பது" என்று கருதப்பட்ட ஒரு காரணியின் அளவு கூடியது, அவ்வளவுதான். இந்த முடிவை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

காரணி கூடினால் எல்லாப் புரதங்களும் சமமாகக் கூட வேண்டாமா? கூடுவதில்லை. ஆக்டின் போன்ற அன்றாடப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்களில், புரதச் செய்தி தொடங்கும் முன் வரும் முன்பகுதி குட்டை, சிக்கலும் இல்லை. இஐஎஃப்-4இ சிறிதளவு இருந்தாலே அவை ரைபோசோமைப் பெற்றுவிடும். செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1, மிக், புதிய இரத்த நாளங்களை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப் ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றின் முன்பகுதி நீளமாகவோ மடிந்து முடிச்சிட்டோ இருக்கும். பற்றாக்குறைக் காலத்தில் வரிசையின் கடைசியில் நிற்பவை இவை. காரணி தாராளமானால் அதிகம் பயன் பெறுபவையும் இவையே. மறுபக்கமும் காட்டப்பட்டுவிட்டது. இஐஎஃப்-4இ பாதி அளவே உள்ள எலிகளைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அவை இயல்பாகவே வளர்ந்தன, ஆனால் புற்றுக்கட்டி உண்டாவதை எதிர்த்தன. இயல்பான வளர்ச்சிக்குப் பாதி போதும் என்றால், மீதியைச் சுரண்டுவது புற்றுநோய்தான்.

4இ காரணிக்குப் பூட்டு ஒன்று உண்டு: 4இ-பிபி என்ற சிறு புரதம். அது 4இ-யைப் பற்றிக்கொண்டால் தொப்பியில் மற்றக் காரணிகள் வந்து சேர முடியாது. இன்சுலின் வரும்போதும் அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும்போதும் எம்டார் என்ற கைனேஸ் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) அந்தப் பூட்டின் மீது பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது, பூட்டு கழன்றுவிடும். எம்டாரைக் கண்டறிந்த கதை ஈஸ்டர் தீவின் மண்ணில் தொடங்குகிறது. 1964இல் அங்கு சென்ற கனடியக் குழு எடுத்துவந்த மண்ணில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா இருந்தது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகலும் மாண்ட்ரியலில் அவரோடு பணியாற்றியவர்களும் அதிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்து 1975இல் வெளியிட்டார்கள். ராபா நுய் என்ற தீவின் சொந்தப் பெயர்தான் மருந்தின் பெயரில் இருக்கிறது. பூஞ்சைக்கு எதிரான பொருளாக அறிமுகமாகிப் பின்னர் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாயிற்று. அது எதைத் தாக்குகிறது என்பதை 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஈஸ்ட்டைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். ராபமைசின் கொடுத்த ஈஸ்ட், சுற்றிலும் உணவு நிறைந்திருக்கும்போதே பட்டினி கிடப்பதுபோல நடந்துகொள்கிறது.

இங்கே "வளர்ச்சி" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செல் பருப்பது ஒன்று, செல்கள் பெருகுவது வேறு. தமிழில் இரண்டு தெளிவான வினைகள் இருந்தும் இரண்டையும் வளர்ச்சி என்றே எழுதிவிடுகிறோம். எம்டாருக்குக் கீழே இந்த இரண்டும் தனித்தனி வழிகளாகப் பிரிகின்றன. எம்டாரின் கட்டளைக்குக் கீழ் இயங்கும் எஸ்6 கைனேஸ் இல்லாத பழ ஈயின் உடல் சிறியது; ஆனால் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொரு செல்லும் சிறுத்திருந்தது. 4இ-பிபி நீக்கப்பட்ட பாலூட்டிச் செல்களிலோ, எம்டாரை அடக்கினாலும் பெருகுவது நிற்கவில்லை. பருப்பது மட்டும் குறைந்தது. உங்கள் கட்டுரையில் செல்களை எண்ணினீர்களா, அளந்தீர்களா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

இனி நெருக்கடி. இஐஎஃப்-2 ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் செலவழிந்த குவானோசின் டைபாஸ்பேட்டைச் சுமந்தபடி வெளியே வருகிறது. அதை இறக்கிவிட்டுப் புதிய ட்ரைபாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டால்தான் மறுபடி வேலைக்குப் போக முடியும். ஏற்றிவிடுவது இஐஎஃப்-2பி என்ற மற்றொரு காரணி. நெருக்கடி வந்ததும் ஒரு கைனேஸ், இஐஎஃப்-2இன் ஆல்பா அலகில் 51ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்-2 வெறுமனே செயலிழப்பதில்லை. இஐஎஃப்-2பி-யை இறுகப் பற்றி அதையும் முடக்கிவிடுகிறது. செல்லில் இஐஎஃப்-2ஐவிட இஐஎஃப்-2பி குறைவு. ஆகவே இஐஎஃப்-2இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாஸ்பேட் ஏறினாலே உற்பத்தி முழுவதும் படுத்துவிடக்கூடும். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பாஸ்பேட் பட்டை மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இந்தப் பாஸ்பேட்டை ஏற்ற நம்மிடம் நான்கு கைனேஸ்கள் உள்ளன. அமினோ அமிலப் பஞ்சத்தை உணர்வது ஜிசிஎன்2. செல் வெளியே அனுப்பும் புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலையில் மடிப்புத் தவறிய புரதங்கள் குவிவதை உணர்வது பெர்க். வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உணர்வது பிகேஆர். நான்காவது எச்ஆர்ஐ. உற்பத்தி குறைவது செல்லின் முடிவா, சேதமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை அதனிடம் இருப்பதால் அங்கே சற்று நிற்கிறேன்.

சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் செல்லின் ஒரே பெரிய வேலை ஹீமோகுளோபின் செய்வது. நான்கு குளோபின் சங்கிலிகளுக்கு நான்கு ஹீம் வேண்டும். ஹீமுக்கு இரும்பு வேண்டும். இரும்பு இல்லாத நாளில் குளோபின் மட்டும் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தால் அது செல்லுக்குள் திரண்டு படிந்துவிடும். ஹீம் குறைந்ததும் எச்ஆர்ஐ விழித்து, இஐஎஃப்-2இல் பாஸ்பேட்டை ஏற்றி, குளோபின் உற்பத்தியை நிறுத்துகிறது. விளைவாகச் சிவப்பணு சிறியதாகவும் வெளிறியும் பிறக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவரின் பரிசோதனைத் தாளில் அணுக்கள் அளவில் சிறியவை, நிறம் குன்றியவை என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2001இல் எச்ஆர்ஐ இல்லாத எலிகளுக்கு இரும்பில்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் சிறுக்கவில்லை, வெளிறவும் இல்லை. ஆனால் அவற்றுக்குள் குளோபின் திரண்டு படிந்தது, அணுக்களின் எண்ணிக்கை விழுந்தது, சோகை மேலும் கடுமையாயிற்று. நாம் நோயின் அடையாளமாகப் படிக்கும் சிறுத்த அணு, உண்மையில் ஒரு தற்காப்பின் அடையாளம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லாம் இரும்புக் குறைவால் வந்தவை அல்ல. ஆனாலும் இந்த ஒரு பாஸ்பேட் நம் நாட்டில் எத்தனை உடல்களில் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் நெருக்கடியைச் சமாளிக்கத் தேவையான புரதங்களை யார் செய்வார்கள்? செல்லுக்குள் நடக்கும் காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கான விடைதான். ஏடிஎஃப்4 என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வில், உண்மையான தொடக்கத்துக்கு முன்னால் ரைபோசோம் படிக்கக்கூடிய இரண்டு சிறு வாசகங்கள் இருக்கின்றன. ரைபோசோம் முதல் வாசகத்தைப் படித்து முடித்ததும், அதன் சிறு துணை அலகு மட்டும் இழையிலேயே தொடர்ந்து நகர்கிறது. மறுபடி படிக்கத் தொடங்க அதற்குப் புதிதாக ஓர் இஐஎஃப்-2 வந்து சேர வேண்டும். நல்ல காலத்தில் அது உடனே கிடைத்துவிடும். இரண்டாம் வாசகத்தில் படிக்கத் தொடங்கிவிடும். அந்த வாசகமோ ஏடிஎஃப்4-இன் தொடக்கத்தைத் தாண்டிப் போய் முடிகிறது. ஏடிஎஃப்4 உருவாகாது. நெருக்கடியில் இஐஎஃப்-2 அரிதாகிவிடுவதால், துணை அலகு இரண்டாம் வாசகத்தைப் படிக்காமலே கடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் இஐஎஃப்-2 வந்து சேர்கிறது. அடுத்து இருப்பது ஏடிஎஃப்4-இன் உண்மையான தொடக்கம். எந்தப் பற்றாக்குறை மற்றப் புரதங்களை நிறுத்துகிறதோ அதே பற்றாக்குறை இந்தப் புரதத்தைப் பிறப்பிக்கிறது. இதே தந்திரத்தின் பழைய வடிவத்தை, நான்கு சிறு வாசகங்களோடு, ஈஸ்ட்டின் ஜிசிஎன்4 மரபணுவில் 1980களிலிருந்து ஆலன் ஹின்னபுஷ் விரிவாக ஆராய்ந்து காட்டினார். பிறந்த ஏடிஎஃப்4, அமினோ அமிலங்களைச் செய்யவும் உள்ளே கொண்டுவரவும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கவும் வேண்டிய மரபணுக்களை எழுப்புகிறது.

மதகு இறங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மனித உடலிலேயே சான்று உண்டு. கணையத்தின் பீட்டா செல் ஓயாமல் இன்சுலின் செய்வது. அதன் எண்டோபிளாச வலைக்கு ஓய்வே கிடையாது. பெர்க் மரபணு இரு பிரதியிலும் பழுதானால் சுமை கூடும்போது நிறுத்த ஆளில்லை. பீட்டா செல்கள் அழிந்து, பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்கு நீரிழிவு வருகிறது. வோல்காட்-ராலிசன் நோய் என்று பெயர். மிக அரிது, ஆனால் நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்களில், பச்சிளங்குழந்தைக்கு வரும் நிரந்தர நீரிழிவின் காரணங்களில் முன்னிற்பது இதுவே.

மதகு எளிதில் இறங்கிவிடும் நிலையும் கொடியதுதான். இஐஎஃப்-2பி-யின் ஐந்து அலகுகளில் எதில் பிறழ்வு இருந்தாலும் மூளையின் வெண்பொருள் மெல்லக் கரையும் நோய் வரலாம். ஆம்ஸ்டர்டாமின் மர்ஜோ வான் டெர் நாப் குழுவினர் நோயை விவரித்து, 2001 தொடங்கி அதன் மரபணுக்களையும் அடையாளம் கண்டார்கள். ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, அல்லது தலையில் பட்ட சிறு அடிக்குப் பிறகு, சில சமயம் திடுக்கிட்ட ஒரு பயத்துக்குப் பிறகுகூட, சட்டென்று நடை தளர்ந்து விழும். எல்லாக் குழந்தைகளும் கடந்துவிடும் சிறு நெருக்கடியை, பழுதான இஐஎஃப்-2பி-யால் கடக்க முடிவதில்லை. துவக்கக் காரணிகள் துணைக்கு நிற்பவைதானே என்று கேட்டீர்கள். இந்தக் குழந்தைகளை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

இறக்கிய மதகை உரிய நேரத்தில் ஏற்றவும் வேண்டும். ஏடிஎஃப்4 எழுப்பும் பணிகளின் வழியே வரும் ஜிஏடிடி34 என்ற புரதம், ஒரு பாஸ்பட்டேஸ் நொதியை அழைத்துவந்து இஐஎஃப்-2இன் பாஸ்பேட்டை அகற்றுகிறது. எண்டோபிளாச வலை சீராகும் முன்பே இது நடந்துவிட்டால், புதிய புரதங்களின் வெள்ளம் பழைய குவியலின் மேல் வந்து விழுந்து செல் இறந்துபோகும். நீண்ட நெருக்கடியில் சாப் என்ற புரதம் செல்லைச் சாவை நோக்கித் தள்ளுவதில் இதற்கும் பங்குண்டு.

வைரஸ்களின் பக்கம் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு வளமானது. இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். போலியோ வைரஸ், தொப்பியோடு ரைபோசோமை இணைக்கும் இஐஎஃப்-4ஜி-யைத் தன் நொதியால் வெட்டிவிடுகிறது. செல்லின் சொந்த வேலை நிற்கும். தொப்பியே தேவைப்படாத வைரஸின் ஆர்.என்.ஏ. மட்டும் படிக்கப்படும். மற்றொன்று தடுப்பூசி. வெளியிலிருந்து செலுத்தும் சாதாரணத் தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டால் பிகேஆர் விழித்துக்கொண்டு உற்பத்தியை அடக்கிவிடும். யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடின் வைத்தால் பிகேஆர் அவ்வளவாக விழிப்பதில்லை என்று கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த கண்டுபிடிப்பின் ஒரு பகுதி, இந்த மதகை இறங்காமல் பார்த்துக்கொண்டதுதான்.

துவக்கத்தைத் தாண்டி நீட்டிப்புக் கட்டத்திலும் தடை உண்டு. ஆற்றல் குறைந்தால் இஇஎஃப்-2 என்ற நீட்டிப்புக் காரணியின் மீது பாஸ்பேட் ஏறி, ரைபோசோம் நகரும் வேகம் குறைகிறது. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு தாக்குவதும் இதே காரணியைத்தான். ஆனால் அது திரும்பிவராத தாக்குதல். நச்சின் செயல்படும் பகுதியில் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் செல் இறந்துவிடும் என்று 1978இல் காட்டினார்கள். சேதம் என்ற சொல்லுக்குத் தகுதியானது இதுதான்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். புரத உற்பத்தி குறைந்தது என்ற ஒரே அளவீட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்-2 ஆல்பாவோடு அதன் மொத்த அளவையும், கூடவே ஏடிஎஃப்4 புரதத்தையும் பாருங்கள். 4இ-பிபி பட்டைகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தால் எம்டார் அடங்கியிருக்கிறது என்று பொருள். புதிய வளர்ப்பு ஊடகம் மாற்றிய உடனே எம்டார் தூண்டப்படும். ஆகவே ஒப்பீட்டுக் குடுவைக்கும் அதே நேரத்தில் ஊடகம் மாற்றுங்கள். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். வசதி இருந்தால் சுக்ரோஸ் அடர்த்திச் சரிவில் பாலிசோம்களை (ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் வரிசையாக அமர்ந்த ரைபோசோம்களை) பிரித்துப் பாருங்கள். துவக்கம் தடைப்பட்டால் பாலிசோம்கள் கரைந்து ஒற்றை ரைபோசோம்கள் கூடும். நீட்டிப்பு தடைப்பட்டால் பாலிசோம்கள் கலையாமல் நிற்கும்.

இஸ்ரிப் என்ற சேர்மமும் உங்களுக்கு உதவும். பீட்டர் வால்டர் ஆய்வகம் 2013இல் அறிமுகப்படுத்திய இது, இஐஎஃப்-2பி-யின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து அதன் செயலைத் தூக்கிவிடுகிறது. அதைச் சேர்த்ததும் உற்பத்தி மீண்டால், குறைவு இஐஎஃப்-2 வழியே வந்தது என்று உறுதியாக எழுதலாம். மீளவில்லை என்றால் உடனே மறுத்துவிட வேண்டாம். பாஸ்பேட் மிக அதிகமாக ஏறிய நிலையில் இஸ்ரிப் வேலை செய்யாது. நெருக்கடியின் அளவைப் பாதியாக்கி மறுபடி செய்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். நெருக்கடியை நீக்கி, செல்களைக் கழுவி, 1, 2, 4, 8 மணி நேரங்களில் மாதிரி எடுத்து உற்பத்தி திரும்புகிறதா என்று பாருங்கள். பாஸ்பேட் இறங்கி, ஏடிஎஃப்4 தணிந்து, உற்பத்தியும் திரும்பினால் "துவக்கக் காரணிகள் பாதிக்கப்பட்டன" என்ற வரிக்கு உங்கள் கட்டுரையில் இடமில்லை. "துவக்கம் கட்டுப்படுத்தப்பட்டது" என்று எழுதுங்கள்.